மாடியில் காயும் வானிலை

துவைத்த துணியை மாடியில் காயப்போடுவது அந்த வீட்டில் கண்டக்டரின் வேலை. அவர் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஓடும் பஸ்ஸில் முப்பது வருடம் நின்று தேய்ந்த முழங்காலைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு ஒரு தடவை மாடிப்படி ஏறுங்க, போதும்" என்றார் மருத்துவர். அந்த ஒரு தடவையும் வெறுங்கையோடு ஏறி இறங்குவானேன் என்று ஈரத்துணி வாளியைக் கையில் கொடுத்தவள் மனைவி. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினார். இரண்டாவது வாரம் அதையும் ஒரு உத்தியோகமாக்கி, எந்த நாளில் எதைத் துவைக்கப் போடுவது என்பதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். புடவைகளுக்குத் தெருப்பக்கக் கொடி, சட்டைகளுக்கு நடுக்கொடி, வெளியார் கண்ணில் படக் கூடாதவை எல்லாம் தண்ணீர்த் தொட்டி மறைவில் கடைசிக் கொடி. இரண்டு துணிக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி. மனைவி ஒருநாள் அவசரத்தில் ஒரு துண்டை முன்வரிசையில் போட்டுவிட்டுப் போக, அதை இறக்கிப் பின்னால் அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

மனைவிக்கு இதையெல்லாம் நின்று பார்க்க நேரம் கிடையாது. விவசாயிகள் கூட்டுறவு சங்கத்தில் அவள் எழுத்தர். சுற்று வட்டாரத்தில் நாலாயிரம் பேருக்கு அவள் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்கு அவர்கள் கைப்பேசி அடிக்கும். எடுத்தால் அவள் பேசுவாள். அடுத்த ஐந்து நாளைக்கு மழை எப்படி, காற்று எந்தப் பக்கம், எப்போது மருந்து அடிக்கலாம், எந்தப் பயிருக்குத் தண்ணீரை நிறுத்தலாம் என்று ஒன்றரை நிமிடம்.

பதினோரு வருடமாக இந்தப் பேச்சு நடக்கிறது. வானிலை அலுவலகத்திலிருந்து வரும் அறிக்கையில் எண்கள்தான் இருக்கும். அதை அவள் வாய்ப்பேச்சாக மாற்றி எழுதுவாள். பிறகு விதை மூட்டை அடுக்கிய உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடுவதால் குரல் எதிரொலிக்காமல் விழும் இடம் அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான். படுக்கப்போட்ட ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, கைப்பேசியை வாய்க்கு நேரே பிடித்து, "வணக்கம்" என்று ஆரம்பிப்பாள். தும்மல் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

முதல் வருடம் அவள் இவ்வளவு ஜாக்கிரதையாக இல்லை. ஒரு செவ்வாயன்று, "இந்த வாரம் மழை இல்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். வியாழக்கிழமை கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். கோபப்படவில்லை. களத்தில் நனைந்த மிளகாயை ஒரு சாக்கில் கொண்டுவந்து அவள் மேஜை மேல் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சாக்கு நாலு நாள் அங்கேயே இருந்து நாறியது. யாருக்கும் அதை எடுக்கத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து அவள் வாயில் மழை வந்ததும் இல்லை, வராமல் போனதும் இல்லை. வர வாய்ப்புண்டு, அவ்வளவுதான்.

அப்படித்தான் அவளுக்கு வாய்ப்பக்கா என்ற பெயர் வந்தது. பழக்கம் வீட்டுக்குள்ளும் தொற்றிக்கொண்டது. "சோறு ஆச்சா?" என்று கண்டக்டர் கேட்டால், "இன்னும் பத்து நிமிஷத்துல ஆக வாய்ப்பிருக்கு" என்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில், "அம்மா, உடம்பு எப்படி இருக்கு? வாய்ப்பு கீய்ப்புன்னு சொல்லாம நேரா சொல்லு" என்று முன்கூட்டியே கட்டளை போட்டுவிட்டுத்தான் விசாரிப்பாள்.

நாலாயிரம் பேரில் ஒருவர் மட்டும் அவள் பேச்சை முழுதாகக் கேட்டதில்லை. கண்டக்டரின் எண்ணும் அந்தப் பட்டியலில் உண்டு. கைப்பேசி அடிக்கும், எடுப்பார், "வணக்கம்" என்றதும் வைத்துவிடுவார். "வீட்டுல கேக்கறது பத்தாதா" என்பது அவர் கட்சி.

இவர்கள் வீட்டு மாடிக்கும் நாலாயிரம் பேரின் பயிருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வெள்ளிக்கிழமை வரை அவளுக்குத் தெரியாது. அன்று சங்கத்துக்கு உரம் வாங்க வந்த ஒரு கடலைக்காரர், ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, "காலையில உங்க மாடியில பெட்ஷீட்டைப் பார்த்தேன்க்கா. அப்பவே போய் மருந்து அடிச்சிட்டுதான் வர்றேன்" என்றார்.

"என் மாடியில பெட்ஷீட் இருந்தா நீங்க எதுக்கு மருந்து அடிக்கிறீங்க?"

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்கறீங்க" என்று சிரித்துவிட்டு அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் செயலாளரின் அறைக்குப் போனாள். செயலாளர் நாற்பது வயதுக்காரர். கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது வழக்கம். இப்போதும் துடைத்தார்.

"அது ஒரு ரெண்டு வருஷமா நடக்குது மேடம். உங்க வீடு பஸ் ஸ்டாப் திருப்பத்துல இருக்கா, வயலுக்குப் போறவங்க எல்லாரும் அங்க நின்னுதான் பஸ் ஏறணும். மாடி நல்லா தெரியுது. துண்டு மட்டும் காஞ்சா சந்தேகம்னு அர்த்தம். பெட்ஷீட் போட்டா ரெண்டு நாளைக்கு மழை இல்ல. தலையணையை வெயில்ல வச்சா ஒரு வாரத்துக்குப் பயமில்ல."

"அப்ப நான் வாரத்துக்கு ரெண்டு தடவை தொண்டை கிழியப் பேசறது?"

"அதையும் கேக்கறாங்க மேடம். யாரும் கேக்காம இல்ல. கேட்டுட்டு மாடியைப் பார்க்கறாங்க. அந்தக்கா வாயால வாய்ப்புன்னு சொல்லுவாங்க, ஆனா சொந்தத் துணின்னு வந்தா நனையவா விடுவாங்க, அப்படின்னு ஒரு எண்ணம்."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. படியிறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. துணியைக் காயப்போடுவது அவளில்லையே.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "பெட்ஷீட்டை எந்த நாள்ல துவைக்கப் போடறதுன்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க?"

கண்டக்டர் செய்தித்தாளை இறக்கினார். மூன்று வருடத்தில் தன் இலாகாவைப் பற்றி வந்த முதல் கேள்வி. நிதானமாகவே பதில் சொன்னார். "சோப்புத்தூள் பாக்கெட் புதுசா பிரிச்சா பெட்ஷீட். பாக்கெட் தீரப்போகுதுன்னா துண்டு மட்டும்."

"தலையணை?"

"தும்மல் வந்தா தலையணையை வெயில்ல வைப்பேன். ஏன், கறை கிறை போகலையா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாலாயிரம் பேர் சோப்புத்தூள் பாக்கெட்டை நம்பி மருந்தடிக்கிறார்கள் என்று சொல்லி முடித்தபோது, கோபப்படுவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்டக்டருக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "முப்பது வருஷம் உள்ள போங்க, உள்ள போங்கன்னு கத்தினேன். ஒருத்தன் நகர்ந்ததில்ல. இப்ப நான் ஒரு பெட்ஷீட்டை விரிச்சா ஊரே மருந்தடிக்குதா" என்றார். அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மலர்ச்சி இரண்டு நாள்தான் தாங்கியது. திங்கட்கிழமை வாளியோடு மாடிக்குப் போனவர், பஸ் ஸ்டாப்பில் ஐந்தாறு தலைகள் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டார். இதற்கு முன்னும் அவை அண்ணாந்துதான் இருந்திருக்கும், இவர் கண்ணில் பட்டதில்லை. கையில் எடுத்த போர்வையை வாளியிலேயே திரும்ப வைத்துவிட்டுக் கீழே வந்தார்.

"இன்னைக்கு மழை எத்தனை சதவீதம்?"

"எதுக்கு?"

"கேட்டதுக்குச் சொல்லு. முப்பதுன்னா என்ன போடணும், நாற்பதுன்னா என்ன போடணும்? சட்டை வரைக்கும் போகலாமா?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அடுத்த நாள் பதினொரு மணிக்குக் கைப்பேசியை எடுத்து ஒன்றரை நிமிடமும் கேட்டார். கேட்டு முடித்ததும் மனைவிக்குப் போன் செய்து, "காற்று மணிக்குப் பத்து கிலோமீட்டர்னியே, அதுக்கு கிளிப் ஒண்ணு போதுமா ரெண்டு போடணுமா?" என்று கேட்டார். அவள் வேலை நேரத்தில் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள் நாத்தனார், கண்டக்டரின் தங்கை. இருபது வருடம் தையல் மெஷினை மிதித்தவள். போன வருடம் ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு, ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டாள். "ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஏர் எதுக்கு?" என்று கேட்டவர் அண்ணன்காரர். "நீங்க டிக்கெட் கிழிச்சிட்டு இப்ப துணி காயப்போடலையா" என்று அவள் திருப்பிக் கொடுத்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் நிலத்துக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தார். முதல் பயிர் எடுத்துக் காட்டினால் அடுத்த வருடமும் நிலம் அவளுக்கு. அழுகவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

பயிர் நன்றாகத்தான் வந்தது. இப்போது தாள் சாய ஆரம்பித்திருந்தது. வெங்காயத்தின் தாள் தானாகச் சாய்ந்தால் பிடுங்கும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பிடுங்கின வெங்காயம் நாலைந்து நாள் தாளோடு வயலிலேயே கிடந்து உலர வேண்டும். அந்த நாட்களில் மழை பட்டால் மூட்டை கட்டின பிறகு உள்ளுக்குள்ளேயே அழுகும். பிடுங்காமல் விட்டு மண்ணில் ஈரம் ஏறினாலும் மறுபடி வேர் பிடித்துக் கெடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மழை நடுவில் நின்றது.

"அண்ணி, ஐம்பதுன்னா வருமா, வராதா?" என்று அவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்டாள். அன்று காலை அறிக்கையில் வெள்ளி, சனி இரண்டு நாளுக்கும் மழைக்கு ஐம்பது சதவீத வாய்ப்பு என்று வந்திருந்தது. பதினோரு வருடத்தில் வாய்ப்பக்காவுக்குப் பிடிக்காத எண் அதுதான். எண்பதென்றால் ஜனங்கள் மூடிவைப்பார்கள், இருபதென்றால் திறந்து போடுவார்கள், ஐம்பதென்றால் அவளைத் திட்டுவார்கள்.

"வரவும் செய்யலாம், வராமலும் போகலாம்."

"இதைச் சொல்ல எதுக்கு அண்ணி ஒரு ஆபீஸ், மேல ஒரு ஃபேன்?"

அடுப்படி வாசலில் நின்ற கண்டக்டர், "கேளு, நல்லா கேளு. எனக்கும் நாளைக்கு என்ன போடணும்னு தெரியணும்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வாய்ப்பக்கா அடுப்பை அணைத்துவிட்டு நாத்தனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றி அவளிடம் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. வேறு விஷயங்களைக் கேட்டாள். "தாள் எவ்வளவு சாஞ்சிருக்கு?"

"பாதிக்கு மேல. மேட்டுப்பக்கம் நல்லா சாஞ்சிடுச்சு. பள்ளத்துல இன்னும் பச்சையா நிக்குது."

"தார்ப்பாய் எத்தனை இருக்கு?"

"சொந்தமா நாலு. கேட்டா ரெண்டு தருவாங்க."

"ஆறு தார்ப்பாய்ல எவ்வளவு மூடலாம்? குவிச்சு வச்சா."

நாத்தனார் கையில் இருந்த வெங்காயத்தைத் தரையில் வைத்து, மனதுக்குள் துணி வெட்டுகிறவள் மாதிரி விரலால் இழுத்து அளந்தாள். "அரை ஏக்கர் மூடலாம். இழுத்துப் பிடிச்சா."

 நாத்தனார் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "மேட்டுப்பக்கம் அரை ஏக்கரை நாளைக்குப் பிடுங்கறேன். எட்டு ஆள் போதும்" என்றாள். போகும்போது, "ஆனா நீங்க ஒரு முடிவும் சொல்லலை அண்ணி, அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க" என்று ஒரு குத்தலையும் வைத்துவிட்டுத்தான் போனாள்.

புதன்கிழமை காலை கண்டக்டர் மாடியில் வழக்கத்தைவிட நெடுநேரம் இருந்தார். ஒன்பதரைக்குச் செயலாளர் வாய்ப்பக்காவின் மேஜைக்கே வந்து நின்றார். கண்ணாடி கையில் இருந்தது.

"மேடம், பஸ் ஸ்டாப்புல ஒரே தகராறாம். உங்க மாடியில இன்னைக்கு எல்லாக் கொடியிலயும் பாதியில மட்டும் துணி இருக்காம். மீதிப் பாதி வெறுமனே கிடக்காம். பெட்ஷீட்டை வேற நாலா மடிச்சுப் போட்டிருக்காம். என்ன அர்த்தம்னு எனக்கு ஏழு போன் வந்துடுச்சு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "ஐம்பது சதவீதம்."

 செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும் மேடம்" என்றார்.

அன்று எத்தனை பேர் பாதி வயலுக்கு மட்டும் மருந்து அடித்தார்கள், எத்தனை பேர் பாதிக் களத்தை மட்டும் மூடினார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கண்டக்டர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, பாராட்டுக்காக உட்கார்ந்திருந்தார்.

"பத்துத் துணி எடுத்துட்டுப் போனேன். அஞ்சு போட்டேன். அஞ்சைக் கீழ கொண்டுவந்துட்டேன். சரிதானே?"

"கொண்டுவந்த அஞ்சும் எங்க?"

"வாளியிலதான் இருக்கு."

ஈரத்தோடு ஒருநாள் பூராவும் வாளியில் கிடந்த ஐந்தையும் அவள் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. அதில் ஒன்று அவளுடைய நல்ல புடவை. அன்று அவர் பாராட்டு என்று எதையும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் மூட்டை அறையில் அடுத்த அறிக்கையைப் பேசி முடித்தாள். அடுத்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒருநாள் மட்டும் நாற்பது சதவீதம், மற்ற நாள் எல்லாம் அதைவிடக் குறைவு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னல் இருட்டியது. இரண்டே காலுக்குப் பிடித்துக்கொண்டது. சங்கத்துக் கூரைத் தகரத்தில் கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்தாள். முற்றத்தில் வைத்திருந்த மழைமானி கண்ணெதிரே நிறைந்துகொண்டிருந்தது. மூன்று தடவை நாத்தனாருக்குப் போன் செய்தாள். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. ஆறு தார்ப்பாயும் காற்றில் பறந்து போய்விட்டதாகவே அவள் மனதில் ஓடியது. நாலாயிரம் பேருக்குப் பொதுவாகச் சொல்லும்போது வாய்ப்பு வெறும் எண்தான். ஒருத்தியின் அரை ஏக்கர் அப்படியில்லை.

வீடு வந்தபோது நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தலை உலர்ந்திருந்தது. புடவை உலர்ந்திருந்தது. காலில் ஒட்டியிருந்த மண்கூட உலர்ந்த மண்.

"எங்க பக்கம் ஒரு சொட்டு இல்ல அண்ணி. நீங்க நனைஞ்சிட்டு வர்றீங்க?"

"ஏன் போனை எடுக்கல?"

"தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், காத்து அப்படி. மழைதான் வரும் வரும்னு மூடி வச்சு, உள்ள வெங்காயம் புழுங்கினதுதான் மிச்சம். இப்பதான் பிரிச்சு விட்டுட்டு வர்றேன்." காப்பியை ஒரு மிடறு விழுங்கினாள். "மொத்தத்தையும் பிடுங்கியிருந்தா இந்நேரம் மொத்தமும் பாதி உலர்ந்திருக்கும்."

"மழை பெஞ்சிருந்தா?"

"பெய்யலையே அண்ணி."

வாய்ப்பக்கா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். பதினோரு வருடமாக அவள் கேட்கிற வாதம்தான். மழை வராத அன்று குடை கொண்டுபோனவனைப் பார்த்து ஊர் சிரிக்கத்தான் செய்யும். கண்டக்டர் மட்டும், "அப்ப ஐம்பது சரியாத்தான் வந்திருக்கு. ஆபீஸ்ல பெஞ்சது, வயல்ல பெய்யல" என்று தீர்ப்பு சொன்னார். அது கணக்கில்லை, ஐம்பதுக்கு அர்த்தம் அதுவுமில்லை என்று விளக்க அவளுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள்தான் வேலை. மத்தியானம் சங்கத்திலிருந்து வீட்டுக்கு வராமல் பஸ் ஏறி வயலுக்குப் போனாள். வானம் மேலே கழுவிவிட்ட மாதிரி இருந்தது, சனிக்கிழமையின் ஐம்பது வராத பக்கத்துக்குச் சாய்ந்திருந்தது. நாலாயிரம் பேர் வயலைப் பற்றிப் பேசுகிறவள் ஒரு வயலுக்குள் இறங்கி வருடக்கணக்கு ஆகிறது. உதிரி மண்ணில் செருப்பு புதைந்தது. கையில் எடுத்துக்கொண்டாள். மேட்டுப்பக்கம் பிடுங்கிய வெங்காயம் வரிசையாகக் கிடந்தது. தோல் சலசலக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு நாளில் கொட்டகைக்கு ஏற்றிவிடலாம். பள்ளத்துப் பக்கம் போனாள். அங்கே பச்சையாக நிற்கிறது என்று செவ்வாய்க்கிழமை சொன்ன தாளெல்லாம் நாலே நாளில் படுத்துக் கிடந்தது. குனிந்து ஒரு வெங்காயத்தின் கழுத்தை விரலால் அழுத்தினாள். குழைந்து கொடுத்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. அதுவும். நாலு மூலையிலும் நடந்து நடந்து அழுத்திப் பார்த்தாள். எல்லாமே முற்றி முடிந்துவிட்டது. இனி மண்ணுக்குள் இருக்கிற ஒவ்வொரு நாளும் கெடுதல்தான், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்.

கொட்டகைப் பக்கம் ஆட்களோடு நின்ற நாத்தனார், அண்ணியைக் கண்டு ஓடி வந்தாள். "என்ன அண்ணி, அதிசயமா இருக்கு. ஏதாவது பெருசா வருதா?"

"சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மாவா. ஆபீஸ்காரங்க சும்மா வயலுக்கு வந்து நான் பார்த்ததில்ல."

ஒரு கைப்பிடி வெங்காயத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வாய்ப்பக்கா பஸ் ஏறினாள். வழியெல்லாம் யாராவது அவளிடம் ஏதாவது கேட்டார்கள். எல்லோருக்கும் வாய்ப்பு என்றுதான் சொன்னாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டாள். கண்டக்டர் கடைக்குப் போயிருந்தார், சோப்புத்தூள் வாங்க. கூடத்தில் இரண்டு பேரும்தான். நாத்தனார் நாற்காலியில் உட்காரவில்லை. கை இரண்டையும் பிசைந்துகொண்டே நின்றாள்.

"அண்ணி, பள்ளத்துல இருக்கிற பாதி. அதுக்கு நாளைக்கு ஆள் சொல்லணும்னா இப்பவே சொல்லணும். இல்லைன்னா அந்த எட்டுப் பேரும் கடலைக்காரர் வயலுக்குப் போயிடுவாங்க, அப்புறம் வியாழக்கிழமைதான் கிடைப்பாங்க. நாளைக்குப் பிடுங்கினா செவ்வாய்க்கிழமை வயல்லதான் கிடக்கும். அன்னைக்குத்தான் நீங்க நாற்பதுன்னு சொல்லியிருக்கீங்க. இந்தப் பாதி போனா மொத்தமும் போன மாதிரிதான். நிலத்துக்காரர் பாதிப் பயிரைக் கணக்குல எடுத்துக்க மாட்டாரு. நான் மெஷினைத் திறந்து உட்கார வேண்டியதுதான். கண்ணு வேற தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப சொல்லுங்க. உங்க வெங்காயமா இருந்தா என்ன பண்ணுவீங்க? வரலாம் போகலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

தலைப்பில் முடிந்திருந்த வெங்காயத்தை வாய்ப்பக்கா அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். ஒன்றை எடுத்துக் கழுத்தை மறுபடி அழுத்தினாள்.

"மேட்டுப்பக்கத்தை நாளைக்குக் கொட்டகைக்கு ஏத்திடுவியா?"

"காலையிலேயே."

"அப்ப ஆறு தார்ப்பாயும் சும்மாதான் இருக்கும்."

"ஆமா."

"பிடுங்கு."

நாத்தனார் அசையாமல் நின்றாள். இத்தனை வருடம் அண்ணியோடு பழகியவளுக்கு இப்படி ஒரு ஒற்றை வார்த்தை கிடைத்ததில்லை. வால் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒருவேளை, பெரும்பாலும், பார்க்கலாம், ஏதாவது ஒன்று. வரவில்லை.

"பிடுங்குன்னா, பிடுங்கவா?"

"பிடுங்கு. ஆளுக்கு இப்பவே போன் பண்ணு."

நாத்தனார் கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடினாள். விரல் பாதியில் நின்றது. சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் நேராகச் சொல்லு, நேராகச் சொல்லு என்று நச்சரித்தவளுக்கு, நேராகச் சொன்னதும் பயம் வந்துவிட்டது.

"அண்ணி, நேத்து நாலாயிரம் பேருக்கு நாற்பதுன்னு சொன்னீங்களே. அது எனக்கும் சேர்த்துதானே? இல்ல, உங்களுக்கு மட்டும் தனியா ஏதாவது தெரியுமா?"

"நாற்பது உனக்கும்தான். வெங்காயம் முத்திடுச்சு, எனக்குத் தனியா தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றபடி வாய்ப்பக்கா வெங்காயத்தையெல்லாம் கூட்டி இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.